இரண்டு பேர் ஆழம்

கடப்பாரை டங்கென்று நின்றது.

"பாறை வந்துட்டு சார். இதுக்குக் கீழ போவாது," என்றார் குழிக்குள் நின்ற பெருமாள்ராஜ்.

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் என் மனைவி ரீபாவுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது.

புருஷன் பெண்டாட்டி என்றால் எங்கள் குடும்பத்தில் ஆழமாக வெட்டச் சொல்வார்கள். முதலில் போகிறவர் அடியில். பிறகு வருகிறவர் மேலே.

இந்த ஆழம் ஒருவருக்குத்தான் காணும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே உடம்பு மரத்துப்போய்க் கிடக்கிறது. பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாறை எனக்குப் புதிதில்லை. அங்கே வெள்ளை ஒயினுக்கான திராட்சைத் தோட்டத்தில் வேலை. மலைச்சரிவு முழுக்கக் கல். ரசாயன உரம் கிடையாது. மேலே சாப்பிட ஒன்றும் இல்லாததால் வேர் கல்லிடுக்கைத் தேடிக் கீழே போகும். பகலில் கல் வெயிலை வாங்கி வைத்து, ராக்குளிரில் கொடிக்குக் கொடுக்கும். குளிரில் பழம் அவசரப்படாமல் பழுக்கும். அதனால் புளிப்பு தங்கும். அந்தப் புளிப்புக்குத்தான் அத்தனை விலை.

இதையெல்லாம் போனில் சொன்னால் ரீபா சிரிப்பாள். முதல் சில வருஷம் சிரித்தாள்.

குழியின் ஓரத்தில் பாறைமேல் நூல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. வேர் நுழைகிற வெடிப்பு. அங்கே கடப்பாரையை விட்டு நெம்பினால் பாறை பெயர்ந்து வரும். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ரீபாவின் அண்ணன் எலியேசர் என் தோளில் கை வைத்தார். "வேற ஆள வச்சு ஒடைச்சிரலாமா மாப்ள? ஒமக்கும் இங்கனதான எடம் வேணும்?"

வேண்டும். உலகத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு இடம்தான்.

"வேண்டாம் மச்சான். ஒரு ஆளுக்குப் போதும்."

அவர் கை இறங்கியது. இவன் அடுத்த கல்யாணத்துக்கு ரெடியாகிவிட்டான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

போன வாரம் அவள் போனில் சொன்னது இவர்கள் யாருக்கும் தெரியாது. கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"இனிமே ஒங்ககூட இருக்க முடியாது அத்தான். நீங்க வந்ததும் வீட்ல சொல்லிருவோம்."