கூடுதலாக ஒரு சொல்

கோவையில் அந்த ஆண்டு பொறியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு தூக்கத்தில்தான் நடந்தது. கனவில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைத் திரையில் பார்த்து நிறுவனத்தார் மதிப்பெண் போடுவார்கள்.

"நல்ல இன்ஜினீயர் தேவையில்லாம ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. பேசறது உண்மையாவும் இருக்கணும்" என்று பயிற்சி மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அமுதினி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள். கனவில் அவளுக்கு ஒரு பாலம் கிடைத்தது. பனிமூட்டத்தில் அது துணி போல மெல்ல அசைந்தது. அவள் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது, போன வருஷம் இறந்துபோன அப்பா லுங்கியோடு நடந்து வந்தார். வாரம் தவறாமல் அவள் கனவுக்கு வருகிறவர்தான்.

"என்ன கண்ணு, பாலம் கட்டறயா? என்ற சைக்கிளத் தாங்குமா?"

"தாங்கும்ப்பா."

"மூஞ்சியப் பாரு, பெரிய ஆபீசராட்ட! சரி, நான் கெளம்பட்டா?"

'போயிட்டு வாங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இறந்தவர் எங்கே திரும்பி வருவது? 'வாங்க' என்பது கூடுதல், பொய்யும்கூட. திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"போங்கப்பா" என்றாள்.

அவர் சற்று நின்றார். பிறகு தலையாட்டிவிட்டுப் பனிக்குள் போனார்.

கண் விழித்ததும் அதிகாரி கைகொடுத்தார். "செலக்ட் ஆயிட்டீங்க. ஒரு வார்த்தைகூட வீணில்ல."

அமுதினி மறுபடியும் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஒரே நிமிஷம் சார். ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"எந்திரிங்கம்மா, அடுத்தவங்க தூங்கணும்" என்றார் அவர்.