கை எட்டாத இடம்

“கீழ மட்டும் வேண்டாம் அண்ணே. எங்க அத்தான் குனிஞ்சு பார்க்கிற மாதிரி எங்கயும் வச்சிராதீங்க” என்றான் மச்சினன், கைத்தடியால் கியர் பக்கம் சுட்டிக்காட்டி. அத்தானுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

கார் சாமான் கடை வாசலில் வண்டி நின்றது. கடைக்காரர் ஒரு கையில் ஜி.பி.எஸ். பெட்டியும் மறு கையில் அதை ஒட்டும் ரப்பர் கிண்ணமுமாக முன் சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தான் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகக் காரில் சுற்றுகிற உத்தியோகம். ஆனால் திசையறிவு மருந்துக்கும் கிடையாது. சொந்தத் தெருவிலேயே “ரைட்டா, லெஃப்ட்டா?” என்று கேட்கிற மனுஷன். ஜி.பி.எஸ். இல்லாமல் வண்டியை எடுக்கவே மாட்டார்.

அந்தப் பெட்டியால்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது வினை. கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்துத் திரிந்த மச்சினனுக்கு ஓர் அலுவலகத்தில் சொல்லிவைத்து, நேர்முகத் தேர்வுக்கு இவரே காரில் அழைத்துப் போனார். மேசை வேலை பார்க்க மாட்டேன் என்று அவன் வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தான்.

நடுவில் பெட்ரோல் போட இறங்கினார். மறுபடி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கியர் பக்கம் ஒட்டியிருந்த பெட்டி “வந்த வழியே திரும்பவும்” என்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. இதென்ன கண்றாவி என்று குனிந்தார். ஒரே ஒரு நொடி. நிமிர்ந்தால், எதிரே நின்றுகொண்டிருந்த லாரி.

அவருக்கு நெற்றியில் நாலு தையல். மச்சினனுக்கு வலது காலுக்குள் இரும்புத் தகடு. இனி ஏணியில் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனைவி “என்னங்க ஆச்சு?” என்று அலறியபோது, அவர் வாயில் வந்தது ஒரு நாய். “குறுக்க நாய் வந்திருச்சு” என்றார். கட்டிலில் கிடந்த மச்சினன் அவரை ஒரு கணம் பார்த்தான்.

“ஆமாக்கா. கறுப்பு நாய். நானே பார்த்தேன்” என்றான்.

அதன் பிறகு யார் விசாரித்தாலும் அவனே முந்திக்கொண்டு, அந்த நாய்க்குக் காது வால் எல்லாம் வைத்துச் சொன்னான். “எங்க அத்தான் மட்டும் சமாளிச்சு ஸ்டியரிங்கை ஒடிக்கலைன்னா, நான் இந்நேரம் போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருப்பேன்” என்பான். மனைவியோ தெருவில் கறுப்பு நாயைக் கண்டாலே கல்லைத் தேடினாள்.

அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. இவன் காலைக் கெடுத்தது நான். என் மானத்தைக் காப்பாற்றுவது இவன். என்ன மனசுடா உனக்கு! அவன் நொண்டி நடக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

விபத்துக்குப் பிறகு அவன் தன்னோடு காரில் ஏறுவது இன்றுதான் முதல் தடவை. இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. சொன்னால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது?

“அப்ப நடுவுல, டேஷ்போர்டு மேல வச்சிரலாமா சார்?” என்று கடைக்காரர் தலையை நீட்டினார். “குனியவே வேண்டாம். ரெண்டு பேருமே கை நீட்டித் தொட்டுக்கலாம்.”

“ஐயையோ, வேண்டாம்!” மச்சினன் பதறினான். “பக்கத்து சீட்டுக்காரன் கைக்கு எட்டவே கூடாது. டிரைவர் கதவோரம், அந்தக் கண்ணாடி மூலைல ஒட்டுங்க.”

“ஓட்டப் போறது அவரா, நீங்களா தம்பி?” என்று சிரித்த கடைக்காரர், கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுத்துவர உள்ளே போனார்.

இப்போது விட்டால் வாழ்க்கையில் சொல்ல மாட்டோம் என்று அத்தானுக்குத் தெரிந்துவிட்டது.

“மாப்ள…” என்றார். “அன்னைக்கு நாயும் வரல, பேயும் வரலடா. நான்தான் ரோட்டை விட்டுட்டுக் குனிஞ்சு இந்தப் பெட்டியைப் பார்த்தேன். உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான். என்னை மன்னிச்சிருடா.”

மச்சினன் தலை நிமிரவில்லை. “தெரியும் அத்தான். நீங்க குனிஞ்சதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.”

“தெரிஞ்சுமாடா எனக்காக இத்தனை நாள் பொய் சொன்ன?” அவருக்குக் கண்ணீர் பொங்கியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் கையை மெல்ல உருவிக்கொண்டான்.

“உங்களுக்காக இல்ல அத்தான். நீங்க பெட்ரோல் போட இறங்கினப்ப, இதுல போற இடத்தை மாத்தி வச்சதே நான்தான்.”