இன்னொரு அப்பா

ஆபீஸ் போகும் நேரங்களில் மகளைப் பார்த்துக்கொள்ள, தன் முகமும் குரலும் கொண்டு தானாகவே பேசும் ஏஐ திரையப்பாவை வீட்டுச் சுவரில் மாட்டியது குமரகுருதான். இன்று லீவு போட்டு, நாலு வயது இதழினியை முதன்முறையாகத் தீம் பார்க்குக்கு அழைத்து வந்தால், "அந்த அப்பாவும் நானும் கண்ணுல மாட்டுற மாயக் கண்ணாடியில இங்க நிறைய தடவை வந்துட்டோமே" என்றாள்.

குமரகுருவுக்கு வயிறு எரிந்தது. சொந்த மூஞ்சியைப் பார்த்துப் பொறாமைப்படும் பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

"அந்த அப்பா ராட்டினத்துல சிரிச்சுக்கிட்டே வருவாரு."

விடுவானா? ஏறினான். பாதி உயரத்திலேயே குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

இதழினி அவன் விரல்களைப் பற்றிக்கொண்டாள். "பயந்தா கையைப் பிடிச்சுக்கணும். அந்த அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

"இதுவும் அவன்தானா?"

"ஆமா. ஆனா அவருக்குக் கை இல்லையே, பாவம்."

கீழே இறங்கியும் குமரகுரு பிடியை விடவில்லை.

"இன்னொரு சுத்து போலாமா பாப்பா?" என்றான், குலதெய்வத்தை மறுபடி வேண்டிக்கொண்டே.