நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் சட்டென்று நின்றன.

பிழை.

காலையிலிருந்து இது ஆறாவது.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள். கணினி கணவருடையது. அவர் விரல் பட்டுப் பட்டு சில பொத்தான்களில் எழுத்தே அழிந்துபோயிருந்தது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையமான கெர்னலில் கோடிக்கணக்கான வரிகள். உலகம் முழுக்க யார் யாரோ எழுதியவை. அதில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை அவள் கணவர் சற்குணம் எழுதினார். தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் ஒரு சிறிய சென்சாரைக் கணினியோடு பேசவைக்கிற நிரல், டிரைவர் என்பார்கள். கம்பெனி வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா எழுதியது.

அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

புதன்கிழமை அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. நார்வேயிலிருந்து ஹென்ரிக் என்பவர். புதிய பதிப்பில் உங்கள் டிரைவர் கம்பைல் ஆகவில்லை, பிழை காட்டி நின்றுவிடுகிறது, திங்கட்கிழமைக்குள் யாரும் சரிசெய்யாவிட்டால் நீக்கிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்.

இன்று ஞாயிறு.

அவள் நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கில் சி மொழி கற்பிக்கிறாள். கரும்பலகையோடு முடிந்துபோகிற சி. கெர்னலை இதுவரை அவள் தொட்டதில்லை. அவர் பேசும்போதெல்லாம் அரைகுறையாகத்தான் கேட்டிருந்தாள்.

முதல் மூன்று பிழைகள் ஏதோ மென்பொருள் இல்லை, ஏதோ நிரல் நூலகம் இல்லை என்றன. ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டாள். நான்காவது, வட்டில் இடமில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் வீடியோக்களை ஒரு பென் டிரைவுக்கு மாற்றினாள். அழிக்கவில்லை.

ஐந்தாவதில்தான் அவருடைய கோப்பின் பெயர் வந்தது.

நிரலில் ஒரு ஃபங்ஷனுக்கு முன்பு இரண்டு விவரங்கள் வரும். இப்போது ஒன்றுதான் வரும். விதி மாறி மூன்று வருடம் ஆகிறதாம்; பழைய முறையை இந்தப் பதிப்பில்தான் அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாவதை எங்கிருந்து எடுப்பது? பக்கத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்தாள். மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று, பரீட்சையில் எட்டிப் பார்ப்பதுபோல. இரண்டு மணி நேரம் ஆனது. சோறு ஆறிப்போயிருந்தது.

இப்போது ஆறாவது.

சென்சாரைக் கழற்றும்போது ஓடுகிற ஃபங்ஷன். விடைபெறும் முன் ஒரு எண்ணைத் திருப்பித் தரவேண்டும் என்பது பழைய வழக்கம். இனி எதுவும் தராமல் போய்விடலாம்.

அந்த இடத்துக்கு மேலே அவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'இந்த ஐந்து மில்லி செகண்ட் தாமதம் ஏன் தேவை என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் வேலை செய்யாது. தயவுசெய்து தொடாதீர்கள்.'

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"தெரியலன்னா தெரியலன்னு ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெபமணி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சரே, யாருகிட்ட பேசிட்டிருக்கிய?"

"ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர்கூட ஒரு சண்ட."

ஜெபமணி இரண்டு நொடி கூடுதலாக நின்று பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தாமதத்தைத் தொடவில்லை. கீழே இருந்த ஒரு வரியை மட்டும் நீக்கினாள். ஒரு சொல்லை மாற்றினாள்.

மீண்டும் ஓட விட்டாள்.

எழுத்துகள் மேலேறின. ஏறிக்கொண்டே இருந்தன. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

நின்றது.

பிழை இல்லை.

வீடு அப்படியே இருந்தது.

திருத்தத்தை அனுப்புவதற்கான வழிமுறைகளைப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்தாள். கடிதத்தின் கடைசி வரியில் பெயர் தானாக வந்து விழுந்தது. சற்குணம் என்று. கணினியில் அப்படித்தான் பதிந்திருந்தது. கீழே இன்றைய தேதி.

மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அனுப்பினாள்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது.

'நன்றி, சற்குணம். சரியாக இருக்கிறது, சேர்த்துவிட்டேன். நீண்ட நாளாகத் தகவலே இல்லையே, எங்களை விட்டுப் போய்விட்டீர்கள் என்றே நினைத்தோம். நலம்தானே?'

அவள் இரண்டு முறை படித்தாள்.

நான் அவருடைய மனைவி என்று தட்டத் தொடங்கினாள். அவர் சென்ற ஆண்டு என்பது வரை வந்தாள். நிறுத்தினாள்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

வெளியே ஜெபமணி யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மறுபடி தட்டினாள்.

'நலம். நடுவில் கொஞ்சம் வேலை வந்துவிட்டது.'