நீங்கதான் சொல்லணும்

"நான் சொல்லக்கூடாது, மிஸ் கார்வர். நீங்கதான் சொல்லணும்" என்றான் பார்லோ. "ஒருத்தர் மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு, யார்கூடவும் பேசாம உக்காந்திருக்கார். அவரைப் பத்தி உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?"

"அவருக்குக் காப் பிடிச்சிருக்குன்னு சொல்வோம்!" என்று சட்டென்று சொல்லிவிட்டாள் மியூரியல்.

பார்லோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான். "மறுபடியும் காப்பா! இந்த ஒரு சின்ன வார்த்தையை வெச்சுக்கிட்டு ஊரையே ஓட்டிடுவீங்க போலிருக்கே."

மியூரியல் அடுப்பிலிருந்து எடுத்த உருண்டை ரொட்டிகளைத் தட்டில் அடுக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்டர்பியில் அந்த ரொட்டிக்குப் பேர் காப். அது நிஜம். ஆனால் குட்டைக்கால் குதிரையும் காப், ஆண் அன்னமும் காப், ஒரு வகைக் கொட்டையும் காப், மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய சுவரும் காப் என்று வாராவாரம் அவள் அவிழ்த்துவிட்டது இருக்கிறதே, அதெல்லாம் நூலகத்துத் தடி அகராதியின் உபயம். புதன்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை. அவள் நேரே டவுன் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

பார்லோ பல்கலைக்கழகத்து ஆள். ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்ப் பேச்சைச் சேகரிப்பது அவன் வேலை. அதில் ரெண்டு சட்டம். கேட்கிறவன் வார்த்தையைத் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது. பதில் சொல்கிறவர் அதே ஊரில் பிறந்தவராக இருக்க வேண்டும், அப்பா அம்மா உட்பட.

மியூரியல் பிறந்து வளர்ந்ததெல்லாம் லிவர்பூல். மாமாவின் ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ள எல்டர்பிக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் முதல் நாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்து, "நீங்க இந்த ஊர்தானா?" என்று அவன் கேட்டபோது, அவள் வாய் "ஆமாம்" என்று சொல்லிவிட்டது. அந்த ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

"எப்படி ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம்?" என்று கேட்டாள். அவனைப் பேசவிட்டால் போதும், டீ ஆறுவதுகூடத் தெரியாது அவனுக்கு.

"எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததில்லை. சிலந்திக்குக் காப்னு ஒரு பழைய பேர் இருந்துச்சு. சிலந்திக்கு அது போயிடுச்சு, வலைக்குச் சொல்ற 'காப்வெப்'ல மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. உருண்டை திரண்டையா இருக்கறதெல்லாம் ஒரு குடும்பமா இருக்கலாம், தலைன்னு அர்த்தம் வர்ற வேர்லேர்ந்து. மத்ததெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சத்தியமா யாருக்கும் தெரியாது." அவன் கண் மின்னியது. "எங்கேயோ பொறந்துட்டு, இங்க வந்து இந்த ஊராவே ஆயிடுதுங்க."

மியூரியல் துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள்.

கதவு மணி அடித்தது. பண்ணைக்காரக் கிழவர் ஈனாக் உள்ளே வந்தார். "ரெண்டு காப் குடு, வாத்தே." எல்டர்பியில் ஆணோ பெண்ணோ எல்லாருமே வாத்துதான்.

"இந்தாங்க, வாத்தே!" என்றாள் மியூரியல், கொஞ்சம் சத்தமாகவே. பார்லோவுக்கு என்னவோ திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"இன்னுமா முடியல உன் வேலை?" என்று அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கிழவர் போனார்.

"முடியப்போகுது தாத்தா" என்றவன் மியூரியல் பக்கம் திரும்பினான். "திங்கட்கிழமை எல்லா ஊர்த் தாளையும் பேராசிரியர்கிட்ட ஒப்படைக்கணும்."

அவள் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. இவள் அளந்ததெல்லாம் பேராசிரியர் மேஜைக்குப் போனால் இவன் வேலைக்கே உலை. உண்மையைச் சொன்னால் இவன் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். வேலை போவதைவிட ஆள் போவது தேவலை என்று ஒரு வழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"குடுக்காதீங்க, மிஸ்டர் பார்லோ. நான் இந்த ஊரே இல்லை. லிவர்பூல். அந்தக் கொட்டை, குதிரை, அன்னம் எல்லாம் அகராதியில பார்த்துச் சொன்னது. மூஞ்சிய உம்முனு வெச்சுக்கறவருக்குக் காப் பிடிச்சிருக்குங்கறது ஒண்ணுதான் எங்க வீட்டுப் பேச்சு. உங்க உழைப்பையெல்லாம் பாழாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பார்லோ டீயை ஒரு வாய் குடித்தான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பேச்சைக் கேக்கறதுதானே எனக்கு வேலை? முதல் நாள் நீங்க 'உள்ள வாங்க, நனையாதீங்க'ன்னப்பவே லிவர்பூல்னு தெரிஞ்சுபோச்சு. அங்க ஓடற ஆத்துக்கு இந்தக் கரையா அந்தக் கரையான்னுதான் ஒரு சின்ன சந்தேகம்."

"அப்ப... எல்டர்பி பேச்சு?"

"ஈனாக் தாத்தாகிட்ட அன்னிக்குச் சாயங்காலமே கேட்டு முடிச்சுட்டேன்."

பார்லோ காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்கும் அதே குரலில் சொன்னான்:

"ஒருத்தன், வேலை முடிஞ்சுபோன ஊருக்கு, சனிக்கிழமை தவறாம மூணு பஸ் மாறி வர்றான், ஒரே ஒரு கடைக்கு. இதுக்கு லிவர்பூல்ல என்ன சொல்வீங்க, மிஸ் கார்வர்? நான் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."