மலையின் தலையில் மை

நம்பினால் நம்புங்கள், அந்தக் கேமரா அழுதது. வானம் வெளுத்த படம் இன்னொன்று எடுத்தால் விற்றுவிடுவேன் என்று அதன் முதலாளி சொல்லியிருந்தார். வானத்து வெளிச்சத்தை அடக்க, மேல்பாதி மட்டும் கறுத்த இரண்டு ஃபில்டர் கண்ணாடிகள் வந்தன.

"நான் கோடு போட்டால் கோடுதான். மேலே இருட்டு, கீழே வெளிச்சம்" என்றது முதல் கண்ணாடி. பேச்சில் மயங்கிய கேமரா அதை மாட்டிக்கொண்டது.

கோட்டுக்கு மேலே தலை நீட்டி எதிரே நின்ற மலை கேட்டது: "யாரப்பா என் தலையில மை பூசினது?"

கேமரா பதறி அடுத்த கண்ணாடியைக் கூப்பிட்டது.

"எனக்குக் கோடெல்லாம் போட வராதுங்க. கறுப்பு கீழே வரவரக் கொஞ்சங்கொஞ்சமா வெளுத்துடும்" என்று அது கூச்சப்பட்டது.

"அதான் வேணும், வா."

அந்தி வானம் வெளுக்காமல் சிவப்பாகவே பதிந்தது. மலை உச்சியில் மரங்களும் தெரிந்தன.

முதலாளி படத்தைப் பார்த்தார். கேமராவை விலைக்குக் கேட்டிருந்தவருக்குப் போன் போட்டு, "கொடுக்கிற எண்ணம் இல்லைங்க" என்றார். கேமரா அப்போதுதான் மூச்சு விட்டது.