தெற்குச் சுவரில் ஒரு கோடு

அடைப்பு நட்சத்திரத்தில் இறந்தவர்களை அந்த வீட்டில் வாசல் வழியே எடுப்பதில்லை. தெற்குச் சுவரை இடித்து வெளியே கொண்டுபோய், மறுபடி அடைத்துவிடுவார்கள். மண்சுவரில் சுண்ணாம்பால் ஓர் ஒட்டு, செங்கல்லால் ஓர் ஒட்டு. செங்கல் ஒட்டு வெள்ளத்தாயின் கணவருக்கானது; அன்று அவசரமாக இடித்ததில் விட்டமே இறங்கிவிட்டது. இப்போது வெள்ளத்தாய்க்கு டாக்டர் கைவிரித்துவிட்டார். நாளை மறுநாள் அடைப்பு தொடங்குகிறது. மகன் சீனியப்பன் முன்கூட்டியே கொத்தனாரைக் கூட்டிவந்தான்.

படுக்கையில் கிடந்தவள் சிரித்தாள். “முப்பது வருஷமாக் கேட்ட ஜன்னல். இப்பத்தான் மனசு வந்துச்சாக்கும்.”

கொத்தனார் கரித்துண்டால் போட்ட கோடு தரைவரை இறங்கியது.

“காத்து நல்லா வரும்மா” என்றான் சீனியப்பன், சுவரைப் பார்த்தபடி.

அவள் கோட்டையும் பக்கத்துச் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கொத்தனாரே, இன்னும் ஒரு சாண் அகலமாப் போடுங்க. அவருக்குத் தோள் இடிச்சிருச்சு.”